விட்டுவைத்த வேர்

போன வருஷம் பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, அப்பாவிடம் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே வட்ட வட்டமாகச் சீவிய வேர்த்துண்டுகள். பார்க்க மரவள்ளி வற்றல் மாதிரி இருந்தன.

"ஜின்செங்கு மாமா. சீனாக்காரன் கடையில வாங்கனது. வாயில ரெண்டு போட்டு அடக்கிக்கிட்டீங்கன்னா அசதி கிசதி எல்லாம் ஓடிடும்னு சொல்றாங்க."

அப்பா ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். வேர் என்று எதைக் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் முதலில் மூக்குதான். பிறகு வாயில் போட்டு மென்றார்.

"கசக்குது. அப்புறமா லேசா இனிக்குது. வாசனயே இல்லியேப்பா. நம்ம நன்னாரிய வெச்சா வீடே மணக்குமே."

மாமா சிரித்தார். "இது தோட்டத்துல வெளஞ்சது மாமா. காட்டுல வெளஞ்சதுன்னு தனியா கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கான். அத்தோட வெலயக் கேட்டா மயக்கமே வந்துடும்."

"ரெண்டும் ஒரே செடிதான?"

"ஒரே செடிதான்."

"அப்ப என்னாத்துக்கு வெல வித்தியாசம்?"

மாமாவுக்குத் தெரியவில்லை. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. காரணம், அந்த வாரம்தான் எங்கள் முந்திரிக் கொல்லையை மொட்டையடித்துச் சவுக்கு போடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். கொல்லையின் மேற்கு மூலையில் நான் இரண்டு வருஷமாக ரகசியம் மாதிரி வளர்த்துவந்த நன்னாரியும் அதோடு போகும்.

*

ஜின்செங் நிழல் செடி. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு இனம். கொரியா, மஞ்சூரியா, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இன்னொரு இனம். இரண்டுமே பெரிய மரங்களுக்குக் கீழே, வெயில் கால்வாசி விழுந்தாலே அதிகம் என்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இலையுதிர் காலத்தில் தண்டு பட்டுப்போகும். வேர் மண்ணுக்குள் குளிரைத் தூங்கிக் கழித்து, வசந்தத்தில் மறுபடி ஒரு தண்டை மேலே அனுப்பும். பட்டுப்போன ஒவ்வொரு தண்டும் வேரின் கழுத்தில் ஒரு தழும்பை விட்டுப்போகும். தழும்பை எண்ணினால் வயசு தெரிந்துவிடும். விழுந்த விதை முளைப்பதற்கே ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகும். குளிர்காலம் இல்லாத கடலூர் மாவட்டத்தில் இது வராது. நான் முயற்சி செய்யவும் இல்லை.

இதை வயலில் பயிரிடுகிறவர்கள் பாத்தி கட்டி, மேலே நிழல்வலை போட்டு, பூஞ்சைக்கு மருந்தடித்து, மூன்று நான்கு வருஷத்தில் கொழுத்த வேராக எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மராத்தான் கவுண்டி இதற்குப் பேர்போனது. ஒருமுறை எடுத்த நிலத்தில் அடுத்த முறை ஜின்செங் சரியாக வராது. வேறு நிலம் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி உண்டு. அப்பலாச்சியன் மலைப்பக்கத்துக்காரர்கள் செய்வது. மரங்களடர்ந்த சரிவில் இலைச்சருகை ஒதுக்கி, விதையைப் போட்டு, சருகை மறுபடி இழுத்து மூடிவிட்டு வந்துவிடுவார்கள். உழவு, உரம், மருந்து கிடையாது. நெருங்கி நின்றால் நோய் தொற்றும் என்று கலைத்துப் போடுவார்கள். எட்டு வருஷமோ பத்து வருஷமோ கழித்துத் தோண்டினால் வேர் ஒல்லியாக, சுருக்கம் விழுந்து, கைகால் முளைத்த மாதிரி கோணல்மாணலாக வரும். தானாகக் காட்டில் வளர்ந்த வேரிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். சந்தை விலை வைப்பது அந்தச் சுருக்கத்துக்குத்தான். அப்பாவின் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்: செடி ஒன்று, காத்திருந்த வருஷம் வேறு.

காத்திருக்காதவர்களின் கதையும் இதே வேரில் இருக்கிறது. சீனப் பேரரசர் காங்ஷிக்காக வரைபடம் தயாரிக்கப் போன ஜார்த்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் மஞ்சூரியாப் பக்கம் இந்தச் செடியைப் பார்த்தார். களைத்துப்போய் குதிரையில் உட்கார முடியாத நேரத்தில் தின்றும் பார்த்தார். 1711 ஏப்ரலில் பீக்கிங்கிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். இந்தியா, சீனா மிஷன்களின் பொறுப்பாளருக்கு எழுதியது அது. உலகில் வேறு எங்காவது இந்தச் செடி இருக்குமானால் கனடாவில் இருக்கலாம், அங்கேயும் இதே மாதிரி மலையும் காடும் என்று அதில் ஊகித்திருந்தார். அச்சான கடிதத்தைப் படித்த லாஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார், மொன்ட்ரியல் அருகே மோஹாக் மக்களிடையே இருந்தவர், 1716-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு செடியைப் பார்க்காமலே, அது நிற்கும் காட்டை வைத்து, உலகத்தின் மறுபக்கத்தில் அது இருக்கும் என்று சொல்ல முடிந்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்த இடம் அதுதான்.

பிடிக்காத இடம் அடுத்தது. கனடாவில் வேர் வேட்டை தொடங்கியது. வியாபாரத்தில் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியும் இறங்கியது. அப்போது புதுச்சேரியை வைத்திருந்த அதே கம்பெனி. 1752 வாக்கில் விலை உச்சிக்குப் போனபோது, பருவம் வருமுன்பே தோண்டி, நிதானமாக உலர்த்தாமல் அடுப்புச் சூட்டில் காயவைத்து அனுப்பினார்கள். சீன வியாபாரிகள் வாங்க மறுத்தார்கள். சந்தை விழுந்தது. காடும் காலியானது. இன்றைக்கு அமெரிக்க ஜின்செங் 1975 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டு வேரை ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். செடியைத் தோண்டுகிறவர் அதன் சிவப்புப் பழங்களை அதே இடத்தில் புதைத்துவிட்டு வரவேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம் வந்தது.

*

நம்மூரில் அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விற்கிறார்கள். அது கத்தரி, மிளகாய்க் குடும்பம். நல்ல வெயிலும் காய்ந்த மண்ணும் கேட்கும். மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம் ஏக்கர் கணக்கில் போட்டு ஐந்தாறு மாதத்தில் பிடுங்கிவிடுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் நிழலுக்கும் காத்திருப்புக்கும் அதோடு சம்பந்தம் கிடையாது. அந்தக் குணத்தில் ஜின்செங்குக்கு எங்கள் ஊர்ச் சொந்தம் என்றால் நான் நன்னாரியைத்தான் சொல்வேன்.

எங்கள் கொல்லை பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகிற வழியில், உள்ளே தள்ளி, மூன்று ஏக்கர். செம்மண். தாத்தா காலத்து முந்திரி. விதை போட்டு வந்த மரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவுக்குக் கவிந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். நட்ட நடு மத்தியானத்தில் உள்ளே போனால் சாயங்காலம் மாதிரி இருக்கும். முந்திரிச் சருகு சீக்கிரம் மக்காது. காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். அந்தச் சருகுக்குள்ளிருந்துதான் நன்னாரிக்கொடி தலைகாட்டும்.

ஒரே கொடியில் ஓர் இலை புல் மாதிரி ஒடுக்கமாகவும் இன்னொன்று அகலமாகவும் இருக்கும். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. கிள்ளினால் பால் வரும். "இலயப் பாத்து ஏமாறாத, கோட்டப் பாரு" என்பாள் ஆயா.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி ஈரத்தில்தான் அவள் தோண்டப்போவாள். கையில் ஒரு களைக்கொட்டு. கொடியைப் பிடித்து இழுக்கவே மாட்டாள். பக்கத்தில் பள்ளம் பறித்து, வேர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். ஒரு முழம் கிடைத்ததும் வெட்டிக்கொண்டு, மிச்சத்தை மண்ணுக்குள்ளேயே விட்டு, பள்ளத்தை மூடி, மேலே சருகைப் பரப்புவாள். யாரும் வந்துபோன தடமே தெரியாது.

"இன்னம் இருக்குது ஆயா, இத்தயும் எடு" என்று ஒருமுறை நான் இழுக்கப்போய் அடி வாங்கியிருக்கிறேன்.

"முழுசா எடுத்துட்டா அடுத்த வருசம் எவ ஊட்டு வாசல்ல போயி நிப்ப?"

வீட்டில் வேரை நசுக்கி, நடுவில் இருக்கும் குச்சியை எடுத்து எறிந்துவிடுவாள். வாசனை தோலில்தான். பானைத் தண்ணீரில் ஒரு துண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் கடைச் சர்பத் எதுவும் பிடிக்காது. கடைக்கு வருவதில் நிறைய மாகாளிக்கிழங்கின் வாசனை. இரண்டிலும் மணப்பது ஒரே வேதிப்பொருள், வனிலாவின் மணத்துக்கு நெருங்கிய உறவு. மாகாளியும் மலையில் தோண்டித் தோண்டிக் குறைந்துவருகிற செடிதான்.

*

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நான் சிதம்பரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தேன். கொல்லை முனையில் நின்று பார்த்தால் எதிர்ப்பக்கத்து ரோடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நின்று நான் ரோட்டைப் பார்த்ததே இல்லை. பண்ருட்டி வட்டாரம் முழுக்க அப்படித்தான் கிடந்தது. பலா, முந்திரி எல்லாம் வேரோடு மல்லாந்து, செம்மண் கட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயா ஒரு மரத்து மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மறு வருஷம் அவளும் போய்விட்டாள்.

கீழே விழுந்த மரத்தைப் பற்றி எல்லோரும் பேசினோம். அதோடு போன நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா கடன் வாங்கி ஒட்டுக்கன்று வைத்தார். சின்ன மரம், சீக்கிரம் காய்க்கும், கவியாது. திறந்த வெளியில் புல் மண்டியது. கொட்டை பொறுக்கத் தரை சுத்தமாக இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம் டிராக்டர் விட்டு ஓட்டினோம். ரோட்டவேட்டர் மேல்மண்ணைக் கடைந்து போட்டது. மூன்றே வருஷத்தில் நன்னாரி என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

மேற்கு மூலை மட்டும் தப்பியது. அங்கே பத்துப் பதினைந்து பழைய மரங்கள் முழுசாக விழாமல், பாதி சாய்ந்து படுத்தபடியே துளிர்த்துவிட்டன. கிளையெல்லாம் தரையோடு கிடந்ததால் டிராக்டர் உள்ளே நுழைய முடியவில்லை. யாரும் காப்பாற்றி வைத்த இடம் என்று சொல்ல முடியாது. வண்டி போகாத இடம், அவ்வளவுதான். மாமாவின் பெட்டி வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தொலைந்த ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு அங்கே நுழைந்தபோதுதான் வெள்ளைக் கோடு போட்ட இலையைப் பார்த்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வேர்த்துண்டுகள் சேகரித்து, அறுபதை வீட்டுப் பக்கம் பாத்தி கட்டி, நிழல்வலை போட்டு, சொட்டுநீர் விட்டு வைத்தேன். இன்னொரு அறுபதை மேற்கு மூலையில் சருகுக்கடியில் புதைத்துவிட்டு வந்தேன். பாத்திக் கொடி மளமளவென்று ஏறியது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். வடகிழக்குப் பருவமழையில் பாத்தியில் தண்ணீர் கோத்து, பாதிக்கு மேல் அழுகிவிட்டது. மிஞ்சியதைத் தோண்டிப் பார்த்தால் வேர் தடியாக, வெளுத்து இருந்தது. மணந்தது, ஆனால் ஆயாவின் பானை அளவுக்கு இல்லை என்று எங்கள் மூக்குக்குத் தோன்றியது.

மூலையில் முதல் வருஷம் பதினேழு கொடிதான் கண்ணில் பட்டது. ஆடு மேய்ந்தது போக மிச்சம். செத்துப்போச்சு என்று விட்டுவிட்டேன். அடுத்த மழைக்குப் பிறகு எண்ணினால் முப்பத்தொன்று. செத்ததாக நான் நினைத்த பதினான்கும் கீழே உயிரோடுதான் இருந்திருக்கின்றன.

*

சிதம்பரத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு பிச்சாவரம் போனபோது படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "அதான் தில்லை. பாலு கண்ணுல பட்டா பார்வ போயிடும், கைய வெக்காதீங்க" என்றார். தில்லை என்று பேர் வைத்துக்கொண்ட ஊரில் தினமும் நடக்கிறேன். கோயிலின் தலமரம் அது. ஆனால் ஊருக்குள் தில்லைக்காடு கிடையாது. மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் படகேற வேண்டும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தின் பேர். எங்கள் காடாம்புலியூரிலும் முன்னால் ஒரு காடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காடு போனபிறகும் எங்கள் பக்கத்தில் பேர் மட்டும் பஸ் பலகையில் நிற்கிறது.

பிச்சாவரத்துக் காடும் ஒருகாலத்தில் அழிந்துகொண்டிருந்ததுதான். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து, மண் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. பள்ளத்தில் கடல்நீர் வந்து தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அப்புறம் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அங்கே முதலில் செய்தது வாய்க்கால் வெட்டுவது. மீன்முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளை வாய்க்கால்கள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, இறங்கும்போது வெளியே போக வழி. உப்பு குறைந்தது. அதற்குப் பிறகு வைத்த கன்று பிழைத்தது, தானாக விழுந்த விதையும் முளைத்தது.

படகில் உட்கார்ந்திருந்தபோது என் பாத்தி ஞாபகம் வந்தது. கன்றுக்கு நான் எல்லாம் கொடுத்தேன். இடத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. அப்பலாச்சியன்காரர்களும் இங்கே வாய்க்கால் வெட்டியவர்களும் இடத்தைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மூலையில் சாய்ந்து கிடந்த பழைய மரங்கள் எனக்காக அந்த வேலையைப் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தன.

*

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். நல்ல பேச்சு என்று எனக்கு நினைப்பு. அவர் முழங்காலைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அமெரிக்காக்காரன் பத்து வருசம் காத்துக்கினு இருக்கானே, அதுவரைக்கும் சோத்துக்கு என்னா பண்றான்?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் அங்கே அதை மட்டும் நம்பி யாரும் பிழைப்பதாகத் தெரியவில்லை. வேறு வேலை, வேறு வருமானம் இருக்கிறவர்கள், காட்டின் ஒரு மூலையில் போட்டுவைக்கிற சேமிப்பு மாதிரிதான் அது. அதிலும் எட்டு வருஷம் வளர்த்ததை ஒரே ராத்திரியில் திருடன் தோண்டிக்கொண்டு போவதுண்டு. எங்கே நட்டோம் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள்.

"அதத்தான் சொல்றன். தானே கடனே இன்னம் முழுசா அடையல. கால் ஆப்பரேசனுக்கு வேற ஆவும். சவுக்கு நாலு வருசத்துல வெட்டலாம், பேப்பர் மில்லுக்காரன் மொத்தமா எடுத்துக்குவான். உன் நன்னாரிய எந்த மில்லுக்காரன் எடுப்பான்?"

எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிற நான் நிழலைப் பற்றிப் பேசுவது சுலபம். காத்திருப்பதற்கும் கையில் கொஞ்சம் காசு வேண்டும். அது இல்லாதவர்களிடம் பொறுமையைப் பற்றிப் பேசக்கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. கடனில் ஒரு பங்கை மாதாமாதம் நான் கட்டுகிறேன், அரை ஏக்கரை மட்டும் விடுங்கள் என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். தேடிப்போனால் மேற்கு மூலையில், படுத்த மரத்தின் மேல், ஆயா உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் களைக்கொட்டு. கால் மடக்க முடியாததால் உட்கார்ந்தபடியே எட்டி ஒரு பள்ளம் பறித்திருந்தார். கையில் விரல் தடிமன் வேர். தோலைக் கீறி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பாதி வேர் மண்ணிலேயே இருந்தது.

"சருக இழுத்து மூடு" என்றார். "எனக்குக் குனிய முடியல."

மூடினேன்.

"நாலு வருசம். சவுக்கு வெட்டறப்ப பாக்கலாம். அதுவரைக்கும் இந்தப் பக்கம் டிராக்டர் வராது."

இரண்டரை ஏக்கரில் ஒட்டுமரங்கள் போய்விட்டன. சவுக்கு இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது. பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை, ஆனால் அதுதான் அப்பாவின் காலுக்கு ஆகப்போகிறது. மாமா கொடுத்த பெட்டி அலமாரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் மழை விட்டதும் மூலைக்குப் போய் எண்ணினேன். முப்பத்தெட்டு. அதில் ஏழு நான் வைத்தவை அல்ல. பஞ்சு கட்டிய விதை எங்கிருந்தோ பறந்து வந்து, சருகுக்குள் தானாக விழுந்து முளைத்தவை.